வலிக்காத புண்

சர்க்கரை நோய் கண்ணின் விழித்திரையைக் கெடுப்பதற்கு மருத்துவத்தில் டயபடிக் ரெட்டினோபதி என்று பெயர். விழித்திரை என்பது கண்ணுக்குள் பின்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய சவ்வு. கனம் கால் மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் எடைக்கு எடை பார்த்தால், அதைப் போல ஆக்சிஜன் தின்னும் திசு உடம்பில் அரிது. அந்தப் பசிக்கு ஈடு கொடுப்பவை முடியைவிட மெல்லிய நுண்குழாய்கள். நோய் தொடங்குவதும் அவற்றில்தான்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் ஊர். அந்தத் துணியைச் சுற்றும் புண்ணில் அழற்சி இருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். இடம் சிவந்திருக்கும், தொட்டால் சுடும், வீங்கும், வலிக்கும். விழித்திரையில் நடப்பதும் அழற்சிதான். அங்கே வீக்கம் உண்டு, கசிவு உண்டு. வலி மட்டும் இல்லை, ஏனென்றால் வலியை உணரும் நரம்பு விழித்திரையில் இல்லை. இந்த நோயால் பார்வை இழந்தவர்களில் பலர் தாமதமாக வந்ததற்கு அலட்சியத்தைவிட இதுவே பெரிய காரணம்.

ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் சர்க்கரை கூடியே நின்றால், குழாயின் உட்சுவர்ச் செல்கள் வாடுகின்றன. வாடிய செல்கள் ஐகேம்-1 என்ற ஒட்டும் புரதத்தை அதிகமாக வெளியே நீட்டுகின்றன. அந்த வழியே போகும் வெள்ளை அணுக்கள் அதில் சிக்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. அங்கே கொல்வதற்குக் கிருமி எதுவும் இல்லை. இருந்தாலும் வந்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை. செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள இறுக்கமான பிணைப்பைத் தளர்த்தும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. வெள்ளை அணு நுண்குழாயின் வாய் அளவுக்கே பெரியது என்பதால், சில இடங்களில் குழாயே அடைத்துக்கொள்கிறது. குழாயை வெளியிலிருந்து அணைத்துப் பிடித்திருக்கும் பெரிசைட் செல்களும் ஒவ்வொன்றாக மடிகின்றன. பிடி விட்ட இடத்தில் குழாய் குமிழாகப் புடைக்கிறது. மருத்துவர் விழித்திரையைப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படும் சிவப்புப் புள்ளி இந்தக் குமிழ்தான்.

இதற்குப் பிறகு நோய் இரண்டு வழியாகப் போகிறது: ஒன்று கசிவு, மற்றொன்று வறட்சி.

கசிவு, பார்வையின் நடுப்பகுதியான மாக்குலாவில் சேர்ந்தால் அந்த இடம் வீங்கும். செய்தித்தாள் எழுத்து மங்கும், நேர்க்கோடு நெளியும். வேலைக்குப் போகும் வயதில் உள்ளவர்களின் பார்வையைச் சர்க்கரை நோய் குறைப்பது பெரும்பாலும் இந்த வீக்கத்தால்தான்.

வறட்சியை விளக்கப் பிளவக்கல் போதும். அங்கே பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். அவற்றின் தண்ணீர் வத்திராயிருப்பு வட்டாரக் கண்மாய்களை நிரப்பி, மடை வழியாக வயலுக்குப் போகிறது. வாய்க்கால் தூர்ந்தால் முதலில் காய்வது கடைமடை. விழித்திரையிலும் நுண்குழாய் அடைபட்டால் அதன் கடைசிப் பகுதி ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கிறது. தவிக்கும் செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கின்றன. 'இங்கே குழாய் வேண்டும்' என்று அவை போடும் கூப்பாடு அது. குழாய்களும் முளைக்கின்றன. ஆனால் அவசரத்துக்கு வெட்டிய வாய்க்காலுக்குக் கரை கிடையாது. விழித்திரையின் மேற்பரப்பில், கண்ணை நிரப்பியிருக்கும் கூழ்மத்துக்குள் படரும் இந்தப் புதுக்குழாய்கள் இலேசில் உடைகின்றன. திடீரென்று கண்ணுக்குள் கரும்பூச்சி பறப்பது போலவும், சிலந்தி வலை தொங்குவது போலவும் தெரிந்தால், உள்ளே இரத்தம் கசிந்திருக்கக்கூடும். குழாயோடு வளரும் தழும்புத் திசு சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுப்பதும் உண்டு. புதுக்குழாய் கருவிழிக்குப் பின்னுள்ள ஐரிஸ் வரை பரவினால், நீர் வடியும் வழி அடைபட்டுக் கண்ணின் அழுத்தம் ஏறும். வலியே இல்லாமல் தொடங்கிய நோய் கடும் வலியில் போய் நிற்கும் கட்டம் இது.

புதுக்குழாயை வளர்க்கும் ஏதோ ஒரு பொருள் விழித்திரையிலிருந்து ஊற வேண்டும் என்று 1948இலேயே கண் மருத்துவர் ஐசக் மைக்கேல்சன் ஊகித்தார். அந்தப் பொருளுக்கு முகவரி கிடைக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வி.இ.ஜி.எஃப். புரதத்தை நெப்போலியோனே ஃபெராரா குழுவினர் 1989இல் பிரித்தெடுத்தார்கள். இந்த நோய் முற்றியவர்களின் கண்நீர்மத்தில் அது மிகுந்திருப்பதை லாய்ட் பால் ஐயெல்லோ குழுவினர் 1994இல் காட்டினார்கள்.

அழற்சியின் பக்கத்துக் கதை இன்னும் சுவையானது. மூட்டுவாதத்துக்காகச் சாலிசிலேட் மருந்து, அதாவது ஆஸ்பிரின் வகை மருந்து, எடுத்துவந்த சர்க்கரை நோயாளிகளுக்குக் கண் கேடு குறைவாக இருப்பதாக 1964இல் ஒரு குறிப்பு வெளிவந்தது. பின்னர் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் தினமும் 650 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். கண் நோய் நிற்கவில்லை. ஊகம் சரியான திசையில் இருந்தது, மருந்தின் வலு போதவில்லை என்று கருத இடமுண்டு. மூட்டுவாதம் என்றதும் தமிழ்நாட்டில் ஒருவர் நினைவுக்கு வருவார். எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமியின் விரல்களை அந்த அழற்சி நோய் இளம் வயதிலேயே கோணலாக்கியது. அதே விரல்களால் கண் அறுவை செய்யப் பழகியவர், ஓய்வுபெற்ற பிறகு 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அதே 1976இல்தான் லேசர் சிகிச்சையின் பயனும் உறுதியானது. காய்ந்து கூப்பாடு போடும் ஓரப் பகுதிகளை லேசரால் சுட்டுவிட்டால் கூப்பாடு அடங்குகிறது, புதுக்குழாய் வதங்குகிறது. கடுமையான பார்வை இழப்பு இதனால் பாதிக்கு மேல் குறைந்தது. ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறைவது இதற்குக் கொடுக்கும் விலை. இன்று மாக்குலா வீக்கத்துக்கு முதல் மருந்து, வி.இ.ஜி.எஃப். புரதத்தைத் தடுக்க, கண்ணுக்குள் போடும் ஊசி. பெருங்குடல் புற்றுநோய்க்காக வந்த பெவாசிசுமாப், கண்ணுக்கென்றே வந்த ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் எல்லாம் இந்த வகை. ரானிபிசுமாபுக்கு ஈடான இந்திய மருந்து 2015இல் வந்தபோது செலவு குறைந்தது. ஊசி என்றாலே பயப்படுவார்கள். மரத்துப்போகும் சொட்டு விட்ட பிறகு அது சில நொடி வேலைதான். மறுபடி மறுபடி வர வேண்டியிருப்பதே உண்மையான பாரம். மில்லில் ஷிப்ட் பார்ப்பவருக்கு ஒவ்வொரு ஊசியும் ஒரு நாள் கூலி.

ஊசிக்கு வீக்கம் சரியாக வடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் வி.இ.ஜி.எஃப். அல்லாத அழற்சிப் பொருள்களும் வேலை செய்கின்றன. அங்கேதான் ஸ்டீராய்டு உதவுகிறது: ட்ரையாம்சினோலோன் ஊசி, அல்லது மெல்ல மெல்லக் கரையும் டெக்சாமெத்தசோன் துண்டு. கண் அழுத்தத்தைக் கூட்டுவதும் புரையை விரைவாகக் கொண்டுவருவதும் ஸ்டீராய்டின் குறை. இரத்தம் தேங்கினாலோ விழித்திரை பிய்ந்தாலோ அறுவைதான் வழி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காடு. சென்னையில் நடந்த ஆய்வுகளில் சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு விழித்திரைக் கேடு இருந்தது. இத்தனை பேரின் கண்ணையும் நிபுணர்கள் நேரில் பார்ப்பது நடக்காது. அதனால் விழித்திரையைப் படம் எடுத்து அனுப்பும் முறை வந்தது. கணினி அந்தப் படத்தைப் படித்து நோயைச் சொல்லும் முறையைக் கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டபோது, அதற்குப் பாடம் ஆன படங்களில் அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன.

டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த அன்றே கண்ணையும் பார்க்க வேண்டும், டைப் 1 என்றால் ஐந்து ஆண்டுக்குள், பிறகு ஆண்டுதோறும். கருவுற்றால் முதல் மூன்று மாதத்திலேயே. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் கட்டுக்குள் இருப்பது எந்த ஊசிக்கும் முந்திய மருந்து. நெடுநாள் ஏறிக் கிடந்த சர்க்கரையை மளமளவென்று இறக்கினால் கண் சிலகாலம் மோசமாவது உண்டு; அதனால் இறக்கத் தொடங்கும் முன்பே விழித்திரையைப் பார்த்துவிடுவது நல்லது. பரிசோதனைக்காகக் கண்மணி விரியச் சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும். வத்திராயிருப்பிலிருந்து பைக்கில் வருபவர், திரும்பும்போது வண்டி ஓட்ட இன்னொருவரையும் கூட்டி வர வேண்டும்.