ஏரியின் கணக்கும் கடலின் கணக்கும்



உத்திரமேரூரில் நடைபெறும் பட்டமளிப்பு விழாவில் கடலைப் பற்றிப் பேசுவதற்கு வலுவான காரணம் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏரிகள் பெரிதும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கின்றன. அம்மழை பொய்த்தால் நவரைப் பட்டத்து நெல் நடவே கேள்விக்குறியாகும். அந்த மழையின் அளவோ, பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சுமத்ராவின் கரையிலும் பெரு நாட்டின் கரையிலும் கடல்நீர் குளிர்கிறதா, வெப்பமடைகிறதா என்பதோடு பிணைந்திருக்கிறது.

கரையை ஒட்டி வீசும் காற்றும் புவியின் சுழற்சியும் சேர்ந்து மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளும்போது, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலுள்ள குளிர்ந்த, ஊட்டச்சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது. இதுவே நீர் மேலெழுச்சி எனப்படுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது குமரி முதல் கேரளக் கரை நெடுக மத்தி மீன் செழிப்பதற்கு இதுவே அடிப்படை. பெரு நாட்டுக் கரையில் இந்த மேலெழுச்சி தளர்ந்து, பசிபிக்கின் நடு, கிழக்குப் பகுதிகள் வழக்கத்தைவிட வெப்பமடையும் நிலை எல் நினோ. அதற்கு மாறான குளிர்நிலை லா நினா. 1876–78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தில் விட்டுச்சென்ற வடு ஆறாத காலத்தில், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்னறிய முயன்று, பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் மேலுள்ள காற்றழுத்தம் மாறிமாறி ஊசலாடுவதைக் கண்டறிந்தார். 1999-ல் என்.எச். சஜி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தியப் பெருங்கடலுக்கே உரிய மற்றோர் ஊசலை விளக்கினர்: சுமத்ரா, ஜாவா கரைகளில் மேலெழுச்சி மிகுந்து கிழக்குப் பகுதி குளிர, மேற்குப் பகுதி வெப்பமடையும் இந்நிலைக்கு நேர் இருமுனை என்றும், இதன் மறுதலைக்கு எதிர் இருமுனை என்றும் பெயர்.

எல் நினோவும் நேர் இருமுனையும் பொதுவாக வடகிழக்குப் பருவமழையை மிகுவிக்கின்றன. வலுவான எல் நினோ நிலவிய 2015-ன் இறுதியில் காஞ்சிபுரமும் சென்னையும் வெள்ளத்தில் மூழ்கின. லா நினாவும் எதிர் இருமுனையும் கூடிய 2016-ல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. இவை மாறாத விதிகள் அல்ல, வாய்ப்பைக் கூட்டியும் குறைத்தும் காட்டும் காரணிகளே; ஆனாலும், கடலை இடையறாது அளந்தால்தான் இந்த அளவுக்கேனும் முன்னறிய முடியும்.

அளப்பதற்கு வல்லரசுப் போட்டி தடையாவதுதான் இன்றைய கவலை. போட்டி புதிதல்ல. 1782 பிப்ரவரியில் பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகே, சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பாலான கடலில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதின. வடகிழக்குப் பருவக்காற்றில் சோழமண்டலக் கரையில் கப்பல்கள் நிற்க இயலாமையால், பாதுகாப்பான திருகோணமலைத் துறைமுகத்துக்காக இரு தரப்பும் போராடின. இன்று போட்டி கடலின் அடியாழம் வரை இறங்கியிருக்கிறது. நீரின் வெப்பமும் உப்புத்தன்மையும் ஒலி செல்லும் பாதையைத் தீர்மானிப்பதால், பருவமழையைக் கணிக்க உதவும் அதே அளவீடுகள் நீர்மூழ்கிக் கப்பலை மறைக்கவும் கண்டுபிடிக்கவும் உதவுகின்றன. ஆகவே ஒவ்வோர் ஆய்வுக்கப்பலும் ஐயத்துக்கு உள்ளாகிறது. 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்தபோது இந்தியா கவலை தெரிவித்தது. பின்னர் இலங்கை 2024-ஆம் ஆண்டு முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக்கப்பல்களுக்குத் தடை விதித்தது. இத்தகைய ஐயங்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எனினும் அளவீடு குறைந்தால் அதன் விலையைக் கொடுப்பவர் மழையை நம்பி விதைக்கும் உழவரும் கடலை நம்பி வாழும் மீனவருமே.

பகையின் நடுவிலும் பொது அறிவு வளர முடியும் என்பதற்குச் சான்று உண்டு. பனிப்போர் உச்சத்திலிருந்த 1959–65 காலத்தில் நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒருங்கே பங்கேற்றன. அதன் பயனாகவே, இன்று கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 1966-ல் உருவாயிற்று.

உத்திரமேரூருக்கு இதில் சொல்வதற்கு ஒரு பாடம் இருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை வழியே தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. வாரியப் பொறுப்பில் இருந்தும் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்வாக முடியாது என்று விதிக்கின்றன. நீரை ஆள்பவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்ற அந்நெறி, கடலுக்கும் பொருந்தும்.

பட்டம் பெறும் இளைஞர்களுள் சிலர் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கும் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையத்துக்கும் செல்லட்டும். ஊரிலேயே வாழ்பவர்கள் பருவமழை முன்னறிவிப்பைப் படித்துணர்ந்து, நவரைக்கு நீர் எவ்வளவு, எந்தப் பயிர் ஏற்றது என்று உழவரோடு கலந்து முடிவெடுக்கட்டும். அனைவரும், கடலின் அளவீடுகள் எந்த வல்லரசின் தனியுடைமையும் ஆகாமல் பொதுவில் வைக்கப்பட வேண்டும் என்று தத்தம் பிரதிநிதிகளிடம் கேட்கும் குடிமக்களாகட்டும். அறிவைப் பொதுவாக்கும் பணியில் அவர்கள் முன்நிற்க வாழ்த்துகள்.