கதை சொன்னவர் யார்?
(ஆசிரியர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



தவளை இளவரசன், ஹேன்சலும் கிரெட்டலும் ஆகிய கதைகளைச் சொன்னதும் கிரிம் சகோதரர்கள் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஜெர்மனியின் ஜேக்கப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் இருவரும் தங்கள் கதைத் தொகுப்பை 1812, 1815 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார்கள். ஆனால், இந்தக் கதைகளை அவர்களுக்குச் சொன்னவர்கள் யார்?

அவர்களில் ஒருவர் டோரோத்தியா வீமன். விடுதி நடத்தியவரின் மகள், தையற்காரரின் மனைவி. தோட்டத்தில் விளைந்ததைக் காசெல் நகருக்குக் கொண்டுவந்து விற்றவர். ஏறக்குறைய 40 கதைகள் அவர் சொன்னவை. முதலில் இயல்பாகச் சொல்வாராம். கேட்டுக்கொண்டால், எழுதுவதற்கு ஏற்றபடி மெதுவாக மறுபடியும் சொல்வாராம். தவறிவிட்டால் உடனே தாமே திருத்திக்கொள்வாராம். இதையெல்லாம் சகோதரர்கள் முன்னுரையில் பாராட்டி எழுதினார்கள். 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவருடைய படமும் இடம்பெற்றது.

எல்லாருக்கும் அந்தப் பெருமை கிடைக்கவில்லை. காசெல் நகரின் படித்த குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் பலர் கதை சொன்னார்கள். நூலின் குறிப்புகளிலோ பெரும்பாலும் கதை வந்த வட்டாரத்தின் பெயர் மட்டுமே உண்டு.

கதைகளும் மாறின. ஹேன்சல், கிரெட்டலைக் காட்டில் விட்டுவரச் சொன்னவள் முதற்பதிப்பில் பெற்ற தாய். பிந்தைய பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆனாள். குழந்தைகள் படிக்கும் நூல் என்பதால் வில்ஹெல்ம் பதிப்புதோறும் திருத்தினார். 1857-இல் ஏழாம் பதிப்பு வந்தது. இன்று உலகம் பெரிதும் அறிந்திருப்பது அந்த வடிவத்தையே.

இந்த மாற்றங்கள் நமக்கு எப்படித் தெரியும்? பழைய பதிப்புகள் இருக்கின்றன. அச்சுக்கு முந்தைய வடிவம் ஒன்றும் இருக்கிறது. 1810-இல் சகோதரர்கள் கவிஞர் பிரென்டானோவுக்கு ஒரு கையெழுத்துப் படியை அனுப்பினார்கள். அவர் திருப்பித் தரவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அது அல்சேஸ் பகுதி மடாலயம் ஒன்றில் கிடைத்தது. ஒருவர் திருப்பித் தர மறந்ததால் பிழைத்த ஆவணம் அது!

நம் வகுப்பிலும் ஒரு குழந்தை தன் பாட்டி சொன்ன கதையைச் சொல்லும். கேட்கும்போதே நம் கை திருத்தத் துடிக்கும். முதலில் அந்தக் குழந்தையின் சொற்களிலேயே எழுதிவையுங்கள். பாட்டியின் பெயர், ஊர், கேட்ட நாள் ஆகியவற்றை மேலே குறியுங்கள். பாடத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டுமென்றால் வேறொரு தாளில் மாற்றுங்கள்; முதல் தாளைக் கிழித்துவிடாதீர்கள்.