தலவில யாத்திரையும் நம் தலைமுடியும்

(தலவில யாத்திரைக்கு ஆயத்தமாகும் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்குமாகத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் நடந்த கூட்டத்தில் நலத்தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை.)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுப்பு மூட்டப் போக வேண்டும் என்ற அவசரமும் எனக்குத் தெரியும். அதனால் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

"தலைமுடியைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?" என்று பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கிறது. சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் நான் ஏன் இதைப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது எங்கள் லயத்து ஆட்களோடு தலவில அன்னம்மாள் கோயிலுக்குப் போனோம். எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. பட்டு நூல் மாதிரி மெல்லிசு. புதுச் சட்டை போட்ட சந்தோசத்தில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு லொறியில் நின்றபடியே போனேன். அங்கே போயும் மூன்று நாள் கடற்கரையில் அப்படியே ஓடியாடித் திரிந்தேன். நாலாம் நாள் பிடரியில் ஒரு சிக்கு, தேங்காய் மட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது. அம்மா எண்ணெய் வைத்தும் பார்த்தார், சீப்பால் இழுத்தும் பார்த்தார். கடைசியில் பக்கத்துக் கொட்டிலில் கத்தரிக்கோல் வாங்கி வெட்டிவிட்டார். திருவிழா அன்று நான் கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை. அழுதுகொண்டே இருந்தேன். அம்மாவும் அழுதார்.

அந்த முடி தண்ணீர் இல்லாததால் கெடவில்லை. கட்டாமல் விட்டதால் கெட்டது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒரு விசயம்தான். தினமும் தலை முழுக முடியாத நாட்களில் நீளமான முடியைக் காப்பது சவுக்காரம் இல்லை, பின்னலும் கொண்டையும்தான்.

மெல்லிய முடி குறையில்லை

"என் முடி எலிவால் மாதிரி" என்று சில பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். முடி குறைவாக இருப்பது வேறு, ஒவ்வொரு முடியும் மெல்லியதாக இருப்பது வேறு. மெல்லிய முடி பிறவியில் வருவது. அதில் நோய் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு மூன்று குணம் உண்டு. தலையில் ஊறும் எண்ணெய்ப் பசை சீக்கிரம் தெரியும். சீக்கிரம் சிக்கும். இழுத்தால் சீக்கிரம் அறும்.

முடி ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். அப்படியானால் இடுப்பு வரை தொங்குகிற முடியின் நுனிக்கு ஐந்தாறு வயது இருக்கும். அத்தனை வருசம் வெயில், மழை, சீப்பு எல்லாவற்றையும் தாங்கிய நுனி அது. பழைய சேலையை எப்படிப் பக்குவமாகத் துவைப்போமோ, அப்படித்தான் அதைக் கையாள வேண்டும்.

ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது எல்லோருக்கும் இயற்கை. பயப்பட வேண்டாம். ஆனால் உதிர்ந்த முடியை எடுக்காமல் விட்டால் அது மற்ற முடியைச் சுற்றிக்கொள்ளும். சிக்கு பிடிப்பது அப்படித்தான்.

புறப்படுவதற்கு முன்

தலவில கோயிலில் மார்ச்சில் ஒரு பெருவிழா, ஆகஸ்ட்டில் ஒரு பெருவிழா. கோயில் சிலாபம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது என்றாலும் மதம் பார்க்காமல் எல்லோரும் போகிறார்கள். நம் தோட்டத்திலும் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிற வீட்டார் அன்னம்மாளுக்கும் மெழுகுவர்த்தி கொளுத்தப் போகிறார்கள்.

ஆகஸ்ட் விழாவுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நேரம் நம் மலையில் தென்மேல் பருவமழை. முழுகிய தலை காயாது. புறப்படுகிற அன்று விடியற்காலையில் முழுகி, ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். ஈரத்தோடு கட்டிய தலையில் நாற்றம் வரும், அரிப்பு வரும். ஈர முடி இழுபடும், அறுந்தும் போகும்.

ஆகவே புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாக முழுகுங்கள். இதில் இன்னொரு இலாபமும் உண்டு. மெல்லிய முடி முழுகிய அன்று வழுக்கும். பின்னல் நிற்காது, கொண்டை ஊசி நழுவும். இரண்டாம் நாள் கொஞ்சம் பசை ஏறியிருக்கும். அப்போது கட்டினால் பிடித்து நிற்கும்.

எண்ணெய் விசயத்தில் அளவு வேண்டும். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே ஊறி அதைப் பலப்படுத்தக் கூடியது. ஆனால் மெல்லிய முடிக்கு உள்ளங்கையில் ஒரு தேக்கரண்டி போதும். அதையும் பாதி முடியிலிருந்து நுனி வரை தடவுங்கள். உச்சியில் ஊற்றினால் பயணத் தூசியும் மணலும் ஒட்டிக்கொள்ளும்.

பின்னலும் கொண்டையும்

முதலில் சிக்கு எடுக்க வேண்டும். அகலப் பல் சீப்பை எடுத்து நுனியிலிருந்து ஆரம்பியுங்கள். நுனி பிரிந்த பிறகு நடு, அதன் பிறகு உச்சி. உச்சியிலிருந்து கீழே இழுத்தால் எல்லாச் சிக்கும் ஒரே இடத்தில் போய் முடிச்சாகிவிடும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னல் நல்லது. பாடசாலைக்குக் கட்டுவது போலப் பின்னலை மடித்து ரிப்பனால் கட்டிவிடுங்கள். நுனி உள்ளே போய்விடும், காற்று படாது.

பெரியவர்களுக்கு மூன்று கால் பின்னல் போதும். பின்னல் அவிழ்ந்து வழுக்குகிறவர்கள் பாதியிலிருந்து ஒரு ரிப்பனையோ பழைய பருத்திச் சேலைக் கரையையோ ஒரு காலோடு சேர்த்துப் பின்னி, அதனாலேயே முடிச்சுப் போடுங்கள். வெறும் றப்பர் வளையம் வேண்டாம். போடும்போது தெரியாது, கழற்றும்போது பத்து முடியையாவது பிய்த்துக்கொண்டு வரும்.

அடுத்தது கொண்டை. மெல்லிய முடியை அப்படியே சுருட்டிக் கொண்டை போட்டால் அரை மணி நேரத்தில் சரிந்துவிடும். பின்னிய பிறகு, அந்தப் பின்னலைப் பிடரியில் வட்டமாகச் சுற்றுங்கள். ஊசி குத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. கொண்டையின் ஓரத்தில் கொஞ்சம் முடியை ஊசிக் கால்களால் கவ்வி, ஊசியை மறுபக்கம் திருப்பி, கொண்டையின் நடுவை நோக்கி உள்ளே தள்ளுங்கள். பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும். நாலு ஊசி போதும். சும்மா குத்தினால் பத்து ஊசியும் போதாது.

கட்டி முடித்ததும் புருவத்தைத் தூக்கிப் பாருங்கள். நெற்றித் தோல் இழுபட்டால், காதோரம் வலித்தால், இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். உடனே தளர்த்திவிடுங்கள்.

மணலும் காற்றும்

பாலாவியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பி, நுரைச்சோலையைத் தாண்டிப் போகும்போதே காற்று மாறுவது தெரியும். ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் கடல். ஆகஸ்ட் மாதத்தில் கடற்காற்று நிற்காமல் வீசும். "கூந்தல் உள்ள மகராசி அள்ளி முடிவாள்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காற்றில் அவிழ்த்து விடுகிற மகராசி என் கதிக்குத்தான் ஆளாவாள்! ஒரு பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொள்ளுங்கள். கொண்டை பிடரியில் இருந்தால் கோயிலுக்குள் முக்காடு போடவும் வசதி.

மெழுகுவர்த்தி கொளுத்துகிற இடத்தில் கூட்டம் நெருக்கும். அங்கே முடியைத் தொங்க விடாதீர்கள். முன்னால் நிற்கிற பிள்ளையின் பின்னல் பின்னால் இருப்பவர் கையிலுள்ள சுடருக்கு எவ்வளவு கிட்ட என்று நினைத்துப் பாருங்கள். தரையில் அடுப்பு மூட்டிச் சமைக்கும்போதும் அப்படித்தான்.

அந்தப் பக்கத்து மண் முழுக்க மணல். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கிறது. கிணற்றில் ஊறுவது அந்தத் தண்ணீர்தான். நம் பீலித் தண்ணீர் மாதிரி அது இருக்காது. கடினத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது. வெள்ளைப் பசையாக முடியில் படிந்து சிக்கு பிடிக்க வைக்கும். ஆகையால் அங்கே தலைக்குச் சவுக்காரம் போட வேண்டாம். முழுகியே ஆக வேண்டும் என்றால் ஒரு சின்னப் பைக்கற் சம்பு கொண்டு போங்கள். அதுவும் உச்சிக்கு மட்டும் போதும்.

முழுகாத நாளில் ஈரத் துணியால் வகிடு வகிடாகப் பிரித்துத் தலையைத் துடைத்துவிடுங்கள். பசை அதிகமானால் சீப்பின் பல்லில் மெல்லிய துணியைக் குத்தி, மேலாக வாரிப் பாருங்கள். தூசியும் எண்ணெயும் துணியில் வந்துவிடும்.

கடலில் காலாவது நனைப்பேன் என்று அடம் பிடிக்கிற பிள்ளைகள் கடைசியில் தலையையும் நனைக்காமல் விடமாட்டார்கள். அப்படியென்றால் போவதற்கு முன்பே பின்னலை நல்ல தண்ணீரில் நனைத்துவிடுங்கள். முன்பே நனைந்த முடி உப்புத் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி, துணியால் ஒற்றி எடுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம்.

இரவில் கொண்டையைப் பிரித்து, தளர்ந்த பின்னலாக விட்டுப் படுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது பின்னலை முழுக்கப் பிரித்து, உதிர்ந்த முடியை எடுத்து, மறுபடி பின்னுங்கள். நாலு நாள் தொடாத பின்னல் பாதுகாப்பு இல்லை. அது சிக்கின் விதை.

பேனுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம்

ஒரே பாயில் பத்துப் பேர் படுத்தால் பேன் வருவதில் ஆச்சரியம் இல்லை. அது அசுத்தத்தின் அடையாளமும் இல்லை. பேன் பாயாது, பறக்காது. தலையோடு தலை முட்டும்போது ஊர்ந்து வரும். கட்டிய தலைக்கு ஏறுவது அதற்குக் கொஞ்சம் கஷ்டம்.

வந்துவிட்டால் என்ன செய்வது? சிலர் மண்ணெண்ணெய் தேய்க்கிறார்கள். தேயிலைக்கு அடிக்கும் மருந்தைத் தேய்த்தவர்களும் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அந்தத் தலையோடு அடுப்படிக்குப் போனால் பிள்ளை எரிந்து போகும். பூச்சி மருந்து தோல் வழியாக உடம்புக்குள் போய் உயிரையே எடுக்கும். பேனால் ஒரு பிள்ளையும் சாகாது. இவற்றால் சாகும்.

தலையை நனைத்து, கொண்டிஷனரோ எண்ணெயோ தாராளமாகப் பூசி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனி வரை வாருங்கள். மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை, இரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். ஏனென்றால் ஈர் பொரிக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை எடுக்கும். ஒரு தடவை வாரிவிட்டு நிறுத்தினால் மிச்ச ஈர் பொரித்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் தோட்டத்து டிஸ்பென்சரியில் கேளுங்கள்; பெர்மெத்ரின் என்ற பூச்சு மருந்து இருக்கிறது. வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள்.

கடைசியாக, கூடைக் கயிறு

யாத்திரை நாலைந்து நாள். மலையோ வருசம் முழுக்க. அதனால் இதைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன்.

எங்கள் அம்மாயிக்குத் தலையில் ஒரு பாதை மாதிரி முடி இல்லாத கோடு இருந்தது. கயிறு போட்ட இடம். நாங்கள் அதை வயசு என்று நினைத்தோம். அம்மாவுக்கும் அதே இடத்தில் வந்தபோது வயசு என்று சொல்ல முடியவில்லை. அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

முடியின் வேர் ஓயாமல் இழுபட்டால், அழுத்தப்பட்டால், முதலில் வலிக்கும். அடுத்தது சின்னச் சின்னப் பருக்கள் வரும். பிறகு முடி மெலியும். அந்த நேரத்தில் இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப வளரும். வருசக் கணக்காக விட்டால் வேர் செத்துப் போய், பிறகு எந்த எண்ணெயாலும் வளராது. இது நம் ஆட்களுக்கு மட்டும் வருவதில்லை. பனி நாடான கிறீன்லாந்தில் முடியை இறுக்கிக் கட்டும் பெண்களுக்கு இப்படி வருவதை 1907-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கொழுந்தெடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் இதையெல்லாம் செய்யலாம். கயிற்றுக்குக் கீழே துணியை நாலைந்து மடிப்பாக வையுங்கள். கயிறு எப்போதும் ஒரே கோட்டில் விழாமல் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே மாற்றுங்கள். வகிட்டையும் வாரம் ஒரு முறை மாற்றுங்கள். கொண்டையைப் பிடரியில் தாழ்த்திப் போடுங்கள். கயிறு கொண்டையின் மேல் உட்காரக் கூடாது. கூடை நிறையும் வரை காத்திருக்காமல் இடையில் கொட்ட வழியிருந்தால் கொட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் தலையை அவிழ்த்து, பத்து நிமிசம் விரல் நுனியால் தடவிவிடுங்கள். தொழிற்சாலையில் ரோலர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் முடி முழுவதையும் சுருட்டித் துணிக்குள் கட்டிவிட வேண்டும். இயந்திரத்துக்குப் பின்னல் என்றும் தெரியாது, ஆள் என்றும் தெரியாது.

தாய்மாரே, பிள்ளையின் தலையை வாருகிற அந்தக் கால் மணி நேரம் எங்கள் லயத்தில் அம்மா எங்களோடு உட்கார்ந்து பேசிய ஒரே நேரம். பாடசாலையில் நடந்ததெல்லாம் அப்போதுதான் சொல்லுவோம். அவசரத்தில் இழுத்துக் கட்டாதீர்கள். முடியும் தங்கும், பிள்ளையின் பேச்சும் காதில் விழும்.

எல்லோரும் கட்டிய தலையோடு போய், கட்டிய தலையோடு சுகமாகத் திரும்பி வாருங்கள். அன்னம்மாளிடம் எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி கொளுத்துங்கள்.