ஏ.சி. அறையில் காளான்



வளைகுடாவில் வீட்டிலேயே காளான் வளர்க்கலாம் என்று சொன்னால், "இந்த வெயிலிலா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வெளியே 45 டிகிரி அடித்தாலும் நாம் படுத்து எழுந்திருப்பது 24 டிகிரியில். சிப்பிக் காளானுக்கு வேண்டியது 20 முதல் 28 டிகிரி வரை. ஊரில் கூரைக் கொட்டகை போட்டு, தரையில் மணல் பரப்பி, நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்து வரவழைக்கிற குளிர்ச்சி இங்கே ரிமோட்டை அமுக்கினால் வந்துவிடுகிறது. அபுதாபியில் 'பிலோ ஃபார்ம்' என்ற பண்ணை மூடிய அறைகளில் சிப்பிக் காளான் வளர்க்கிறது. ஆகவே சூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். வறட்சியைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாளி வைத்துப் பாருங்கள், சீக்கிரமே நிறைந்துவிடும். அத்தனையும் உங்கள் அறைக் காற்றிலிருந்து உறிஞ்சிய ஈரம். காளான் மொட்டு விடும்போது 85 முதல் 90 சதவீதம் ஈரப்பதம் கேட்கும். ஏ.சி. ஓடும் அறையில் அதில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். கடுகு கடுகாக மொட்டு வந்து, இரண்டு நாளில் பழுப்பேறிச் சுருங்கி நின்றுவிட்டது என்றால் காளான் வித்தைக் குறை சொல்லாதீர்கள், அநேகமாக இதுதான் காரணம்.

அதற்கு வழி இருக்கிறது. காளான் வித்து ஊன்றிய வைக்கோல் பையை ஏ.சி. காற்று நேரே படாத மூலையில் வையுங்கள். அதன்மேல் நிறமில்லாத பெரிய பாலிதீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, அங்கங்கே ஒரு திர்ஹாம் காசு அளவுக்கு ஓட்டை போடுங்கள். கவிழ்த்த பையின் உள்பக்கத்தில் காலை, மதியம், இரவு என்று தண்ணீரைப் புகைபோலத் தெளியுங்கள். மொட்டின்மேல் சொட்டுச் சொட்டாக நிற்கக் கூடாது, அழுகிவிடும். ஏ.சி. தண்ணீரையே தெளித்தால் என்ன என்று சிக்கனக்காரர்கள் கேட்பார்கள். வேண்டாம், ஏ.சி.க்குள் இருக்கும் தகடுகளில் தூசியும் பூசணமும் சேர்ந்திருக்கும்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்? முதல் தடவை என்றால் நவம்பர் முதல் மார்ச் வரைக்குள். அப்போது ஏ.சி.யை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கலாம், காற்று தானாக ஓடும். மூடிய அறையில் வேறொரு சங்கடமும் உண்டு. காளானும் நம்மைப் போலக் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அது தேங்கினால் காம்பு நீண்டு, குடை பொத்தான் அளவிலேயே நின்றுவிடும். வெளிச்சம், புத்தகம் படிக்கிற அளவுக்கு இருந்தால் போதும். வெயில் மட்டும் ஆகாது.

சூடு தாங்கும் காளான்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பால் காளான் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏ.பி.கே.2 ரகம் அருப்புக்கோட்டையின் பெயரைத் தாங்கியது. கரிசல் காட்டு வெயில் தெரிந்த ஊர் அது! 30 முதல் 35 டிகிரியில் தளதளவென்று வரும், பறித்த பிறகும் சில நாள் கெடாது. ஆனால் வித்துப் பரவிய பிறகு ஆவியில் வேகவைத்த மண்ணை மேலே பரப்ப வேண்டும். ஜூலையில் ஏ.சி. இல்லாத பால்கனியில் அதுவும் நிற்காது. எனவே சிப்பியில் கைப்பழகிய பிறகு அதற்கு வாருங்கள். மொட்டுக் காளானை வீட்டில் முயல வேண்டாம் என்பது என் கருத்து. பக்குவப்படுத்திய உரமும் 18 டிகிரிக்குக் கீழான குளிரும் கேட்கிற அதைப் பண்ணைக்காரர்களுக்கே விட்டுவிடலாம்.

ஊரிலிருந்து வித்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா? கூடாது. உயிருள்ள வேளாண் பொருள்களைக் கொண்டுவர முறையான அனுமதி வேண்டும். இங்கேயே விற்கிற, வித்து ஊன்றிய பைகளை வாங்குங்கள். காளானின் பெயரும் தேதியும் அச்சிட்டிருக்க வேண்டும், பை முழுக்க வெள்ளை இழை ஓடியிருக்க வேண்டும். பச்சைத் திட்டு தெரிந்தால் அது வேறு பூசணம், தொடாதீர்கள். பெயரில்லாத பொட்டலத்தை இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கவே வாங்காதீர்கள். போதைக் காளான் வைத்திருப்பது இங்கே கடுமையான குற்றம்.

நானே காளான் படுக்கை போடுகிறேன் என்பவர்களுக்கு வைக்கோல்தான் தலைவலி. நெல் வைக்கோலைத் தேட வேண்டாம். ஆட்டுத் தீவனம் விற்கும் இடங்களில் கோதுமை வைக்கோல் கேட்டுப் பாருங்கள். இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை தண்ணீரில் வேகவையுங்கள். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறதே, அது போதாதா? ஹீட்டரை அணைத்துவிட்டு அதிலுள்ள ஆறிய தண்ணீரில் குளிக்கிறவர்கள் நாம், கேட்கத் தோன்றும்தான். போதாது. 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பிறகு வடித்து, துணியில் பரப்பி ஆறவிடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். உள்ளங்கை ஈரமாக வேண்டும், விரலிடுக்கில் சொட்டு விழக் கூடாது. முதல் படுக்கைகள் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வைக்கோலும் வித்தும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டி, ஓட்டை போட்டுத் தொங்கவிட்டால், பதினைந்து இருபது நாளில் பை வெளுத்துவிடும்.

கூட இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? ஒரே அறையில் நாலைந்து பேர் தங்குகிற பெட்ஸ்பேஸ்காரர்களுக்கு இது நியாயமான கேள்வி. சிப்பிக் காளான் முற்றினால் வெள்ளை மாவுபோல வித்துத்தூளைக் கொட்டும். ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. குடையின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே, கொத்தாகத் திருகிப் பறித்துவிடுங்கள். ருசியும் அப்போதுதான். படுக்கும் அறையில் வைக்காமலிருந்தால் இன்னும் நல்லது.

இந்த மண்ணுக்கென்றே ஒரு காளான் இருக்கிறது: ஃபகா. அக்டோபர், நவம்பரில் நல்ல மழை பெய்தால், ஜனவரி முதல் மார்ச் வரை சவூதி, குவைத், கத்தார் பாலைவனங்களில் மண் லேசாக வெடித்துக் காட்டும் இடத்தைத் தோண்டி எடுப்பார்கள். பார்க்க உருளைக்கிழங்கு மாதிரி. வெள்ளையாகப் பெரிதாக இருப்பது சுபைதி, விலையும் அதற்குத்தான் அதிகம். இடி இடித்தால் முளைக்கும் என்பார்கள் பாலைவன நாடோடிகளான பதூக்கள். நம் ஊரில் காளானுக்குச் சொல்வதும் அதேதான்! அதைத் தொட்டியில் வளர்க்க முடியுமா? ஃபகா தனியாக வாழாது. பாலைவனத்தில் தாழப் படரும் ஒரு சிறு செடியின் வேரோடு ஒட்டித்தான் வாழும். ஸ்பெயினில் முர்சியா பகுதியில் 1999 முதல் அந்தச் செடியையே நட்டுத் தோட்டமாக வளர்க்கிறார்கள். அது பண்ணை வேலை, பால்கனி வேலை இல்லை. பூங்காப் புல்தரையில் தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் முளைக்கிற குடைகளை மட்டும் பறித்து வந்துவிடாதீர்கள். அவற்றில் விஷமுள்ளவை உண்டு.

மூன்று தடவை பறித்ததும் பை ஓய்ந்துவிடும். அந்த வைக்கோலை உதிர்த்துப் பால்கனிக் கறிவேப்பிலைத் தொட்டியில் போடுங்கள். அடுத்த பையை வேறு மூலையில் தொடங்குங்கள், பழைய இடத்தைப் பினாயில் விட்டுத் துடைத்த பிறகு.