மெட்டு எழுதிய கை



நம் சித்தூர் மாவட்டத்துக்கும் தேசிய கீதத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால், மதனப்பள்ளி என்று பலரும் சொல்லிவிடுவீர்கள். மாவட்ட எல்லை பிறகு மாறினாலும் அன்று அது சித்தூர் மாவட்டம்தான். 1919 பிப்ரவரியில் தாகூர் அங்கே பிரம்மஞானக் கல்லூரிக்கு வந்தார், பாடினார். கல்லூரித் தலைவரின் மனைவி மார்கரெட் கசின்ஸ் ஸ்வரம் எழுதினார். அதோடு அந்த அம்மையாரைப் படமாக்கிச் சுவரில் மாட்டிவிட்டோம். என் வருத்தமே அதுதான்.

அவர் வெறும் 'தலைவரின் மனைவி' இல்லை. 1878-ல் அயர்லாந்தில் பிறந்து, டப்ளினில் இசை படித்துப் பட்டம் வாங்கியவர். பெண்ணுக்கு ஓட்டு கேட்டு டப்ளின் கோட்டையின் கண்ணாடியை உடைத்து 1913-ல் சிறைக்குப் போனவர். 1915-ல் இங்கு வந்தார். ஆசிரியை, எழுத்தாளர். ஆனால் பழைய வழக்கம் விடுமா?

1917-ல் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வருகிறார். பெண் குழந்தைகளின் படிப்புக்காக அவரைப் பார்க்க மார்கரெட் அனுமதி கேட்டார். அரசியல் விஷயமாக வருவோருக்கு மட்டுமே பேட்டி என்று பதில் வந்தது. வேறொருவர் என்றால் மனுவை மடித்து வைத்திருப்பார். இந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? அரசியல்தானே வேண்டும், இந்தாருங்கள் என்று மனுவில் ஓட்டுரிமையையே சேர்த்துவிட்டார்! டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு போய் நின்றது. கதவைச் சாத்தப் போட்ட விதியே கதவைத் திறந்துவிட்டது. மாண்டேகு அன்றே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. லண்டன் அந்த முடிவை மாகாணங்களின் தலையில் கட்டியது. 1921-ல் முதலில் சரி என்றது நம் சென்னை மாகாணம். சித்தூரும் அப்போது அதற்குள்தான் இருந்தது. நம் பாட்டிமாரில் சொத்தும் வரியும் இருந்த சிலருக்கு மட்டும்தான் அந்த ஓட்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படிப்பை அவர் விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். பெண் கல்வி பற்றிப் பேசத்தான் 1927-ல் புனேயில் அகில இந்தியப் பெண்கள் மாநாடு கூடியது. அதற்கு அழைப்புக் கடிதம் எழுதியவரும் இவரே.

1932-ல் அரசின் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துச் சென்னையில் பேசினார். ஓராண்டுத் தண்டனை, வேலூர்ப் பெண்கள் சிறை. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வேலூர். கவனியுங்கள், மேடையில் பேசியதற்காக! நானும் இத்தோடு உட்கார்ந்துவிடுகிறேன்.