சுடரின் வேகம்

அடுப்பைப் பற்றவைத்தவுடன் நீலச் சுடர் துளைகளின் மேல் அசையாமல் நிற்பதைக் காண்கிறோம். உண்மையில் அங்கே ஒரு பந்தயம் இடைவிடாது நடைபெறுகிறது. வாயு துளைவழியே மேல்நோக்கிப் பாய்கிறது. நெருப்போ அவ்வாயு வரும் திசையை நோக்கிக் கீழே இறங்க முயல்கிறது. இவ்விரு வேகங்களும் ஈடாகும் இடத்திலேயே சுடர் நிலைகொள்கிறது. வாயுவின் வேகம் மிஞ்சினால் சுடர் எழும்பி அணைந்துவிடும். நெருப்பின் வேகம் மிஞ்சினால் அது துளைக்குள்ளே புகுந்துவிடும்.

இந்தச் சமநிலையைப் பற்றி இன்று சிந்திக்கக் காரணம் உண்டு. குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவில் ஹைட்ரஜனைக் கலக்கும் முயற்சி நம் நாட்டில் தொடங்கியிருக்கிறது. சூரத்தை அடுத்த கவாஸில், என்.டி.பி.சி. நிறுவனத்தின் குடியிருப்பு அடுப்புகளுக்கு 2023 ஜனவரியில் இக்கலவை வழங்கப்பட்டது. சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்துப் பெற்ற ஹைட்ரஜன், தொடக்கத்தில் நூற்றுக்கு 5 பங்கு. நாங்கள் வசிக்கும் கொச்சித் தேவராவிலிருந்து தொலைவில் இல்லாத புதுவைப்பில், 2013 முதல் இயற்கை எரிவாயு கப்பலில் வந்து இறங்குகிறது. குழாய் எரிவாயு உள்ள எந்த நகரத்திலும் இக்கேள்வி நாளை எழக்கூடும்.

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீதேன். அதில் நெருப்பு வினாடிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் வேகத்தில் பரவும். ஹைட்ரஜனிலோ அது 3 மீட்டரை நெருங்கும். காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை இருந்தால்தான் மீதேன் எரியும். ஹைட்ரஜனுக்கு அவ்வெல்லை 4 முதல் 75 வரை. மிகச் சிறு பொறியும் அதற்குப் போதும். ஆகவே ஹைட்ரஜன் கூடக் கூடச் சுடர் குறுகித் துளையை ஒட்டி நிற்கும். அளவு மீறினால் உள்ளே பாயும்.

எனினும் அஞ்சவேண்டுவதில்லை. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழக வளாகத்தில் 2019 முதல் 2021 வரை, நூற்றுக்கு 20 பங்கு வரை கலந்த வாயு, அடுப்புகளை மாற்றாமலே பயன்பட்டது. முற்காலத்தில் நகரங்களுக்கு வழங்கிய நிலக்கரி வாயுவில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜனே. அதற்கேற்ற துளைகளை அன்று அமைத்திருந்தார்கள். பின்னர் இயற்கை வாயுவுக்கு மாறியபோது, 1967 முதல் 1977 வரை, பிரிட்டனில் சுமார் 4 கோடிக் கருவிகளைத் திருத்தவேண்டியதாயிற்று. வாயு மாறினால் துளையும் மாறவேண்டும் என்பதே அதன் பாடம்.

எம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர் இங்கே ஒரு சொல்லில் விழிப்பாயிருத்தல் வேண்டும். ‘நூற்றுக்கு 20’ என்பது கன அளவு. வெப்ப அளவு அன்று. ஒரே கன அளவில் ஹைட்ரஜன் தரும் வெப்பம் மீதேன் தருவதில் பத்தில் மூன்று பங்கே. எனவே 20 பங்கு கலந்தாலும், அதே வெப்பத்திற்குக் கரியமில வாயு குறைவது நூற்றுக்கு 7 அளவே; 5 பங்கு கலந்தால் ஒன்றரை அளவே. அளவின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால், சிறு நன்மை பெரிதாகத் தோன்றிவிடும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இத்தகைய அறிவிப்புகள் பெரும்பாலும் வேற்று மொழியிலேயே வருகின்றன. புரியாத தாளை மடித்து வைத்துவிடுதல் தகாது. எவ்வளவு கலக்கிறார்கள், நம் அடுப்பு அதற்கு ஏற்றதா என்ற இரண்டையும் கேட்டறிதல் நம் உரிமை. துளையை நாமே பெருக்குவதோ அடைப்பதோ கூடாது. ‘பட்’ என்ற ஓசையுடன் சுடர் உள்ளே போனால், உடனே திருகை மூடிவிட்டு, வாயு நிறுவனத்தாரை அழைப்பதே முறை.