பாஸ்போர்ட்டோட தினமும் வேலைக்கு

எங்க கொடுமுடியில இருந்து தினமும் ரயில் பிடிச்சு ஈரோட்டுக்கு வேலைக்குப் போறவங்க பையில சாப்பாட்டு டப்பா இருக்கும், சீசன் டிக்கெட் இருக்கும். மலேசியாவில ஜொகூர் பாருல இருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவங்க பையில பாஸ்போர்ட்டும் இருக்கும். அவங்கள்ல தமிழர்களும் உண்டு.

நடுவுல இருக்கிறது சுமார் ஒரு கிலோமீட்டர் கடற்பாலம்தான், 1924ல திறந்தது. ஒரு நாளைக்கு 3 லட்சம் பேருக்கு மேல கடக்கறாங்க. காரணம் சிம்பிள்: ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூணு ரிங்கிட்டுக்கு மேல கிடைக்கும். சம்பளம் அங்க, வீட்டு வாடகை இங்க. அதுக்காக விடியக்காலம் நாலு மணிக்கே எந்திரிக்கிறவங்க இருக்காங்க.

ஜொகூர் பக்கம் நின்னு பார்த்தா கதை வேற. நர்ஸ், வெல்டர், ஓட்டல் ஊழியர்னு வேலை தெரிஞ்சவங்க பாலத்தைத் தாண்டிடறாங்க. உள்ளூர் முதலாளியால அந்தச் சம்பளத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. வார இறுதியானா சிங்கப்பூர்க்காரங்க டாலரோட ஷாப்பிங் வர்றாங்க, விலையும் ஏறுது. உள்ளூர்லயே ரிங்கிட்ல சம்பளம் வாங்கறவங்கதான் நடுவுல மாட்டிக்கிறாங்க.

2020 மார்ச் 18, கொரோனாவுக்காக மலேசியா எல்லையை மூடுச்சு. முந்தின நாள் ராத்திரியே ஆயிரக்கணக்கானவங்க பையைத் தூக்கிட்டு சிங்கப்பூருக்குள்ள போனாங்க. தங்க இடமில்லாம சிலர் கிராஞ்சி ரயில் நிலையம் பக்கத்துல படுத்தாங்க. குழந்தை ஒரு நாட்டுல, சம்பளம் இன்னொரு நாட்டுல. தரைவழி எல்லை முழுசா திறந்தது 2022 ஏப்ரல் 1.

இப்ப புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் நடுவுல 4 கிலோமீட்டர் ரயில் பாதை வருது. ஒரு திசையில மணிக்கு 10,000 பேர் போகலாம்னு திட்டம். தூக்கம் மிச்சமாகும், சந்தேகமே இல்ல. ஜொகூர் ஆஸ்பத்திரியில நர்ஸ் மிஞ்சுவாங்களாங்கறதுதான் எனக்கு இருக்கிற கேள்வி.